ஆனா ஆவன்னாவா, ட-ப-ம-வா? தமிழ் எழுத்தொலியைத் தொடங்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

யு.கே.ஜி. முடித்த பிள்ளையிடம் எழுத்து அட்டவணையைக் கொடுங்கள். க, கா, கி, கீ என்று ஒரே மூச்சில் கௌ வரை ஒப்பித்துவிடும். அதே அட்டவணையில் ‘மூ’வை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் கையால் மறைத்துவிட்டுக் கேளுங்கள். பல பிள்ளைகள் திணறும். சில பிள்ளைகள் ம, மா, மி, மீ, மு என்று மனதுக்குள் ஓடிவந்துதான் ‘மூ’வில் நிற்கும், உதட்டசைவிலேயே அது தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வரிசை தெரியும், எழுத்து தெரியாது.

ஆங்கிலத்துக்கு ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலிகளைச் சேர்த்துப் படிக்கும் முறை) வகுப்பு தேடி மாதக் கட்டணம் கட்டும் வீடுகளில்கூடத் தமிழுக்கு அப்படியொன்று வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. எழுதியிருப்பதை அப்படியே படிக்கும் மொழிதானே, தானாக வந்துவிடும் என்ற நினைப்பு. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட நேரானது என்பது உண்மைதான். ஆனால் நம் எழுத்துக்கென்றே சில பள்ளங்கள் உண்டு. எந்த வழியில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து, பிள்ளை அவற்றில் விழுவதும் விழாததும் அமையும்.

இன்று வீட்டிலும் பள்ளியிலும் புழங்குவது மூன்று வழிகள். அ-விலிருந்து ஔ வரை, க-விலிருந்து ன வரை அட்டவணை வரிசையில் போகும் அரிச்சுவடி வழி ஒன்று. இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்துக் கற்பித்து உடனே சொல்லாக்கும் எழுத்துக்குழு வழி இன்னொன்று; ‘ட, ப, ம’ என்று தொடங்குவதால் ட-ப-ம வழி என்றே இங்கே சொல்லலாம். படத்தோடும் கதையோடும் சொல்லை முழுசாகக் காட்டும் சொல்வழி மூன்றாவது. எங்கள் தேர்வு ட-ப-ம வழி. மற்ற இரண்டையும் தூக்கி எறிய வேண்டாம். எப்போது, எதற்கு என்பதில்தான் தெளிவு வேண்டும்.

முதலில் கணக்கு

தமிழில் 247 எழுத்து என்றதும் பெற்றோருக்கே மலைப்பாக இருக்கிறது. பிள்ளை உண்மையில் மனதில் பதிக்க வேண்டியது உயிர் 12, க முதல் ன வரை 18, கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகள் 11, புள்ளி, ஆய்தம் ஆகியவைதான். மொத்தம் 43. இவற்றில் உகரக் குறியும் ஊகாரக் குறியும் எழுத்தோடு ஒட்டி உருமாறிவிடுவதால், அந்த இரண்டு வரிசைகளின் 36 வடிவங்களை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். ங வரிசையில் அன்றாடச் சொற்களுக்கு ‘ங்’ ஒன்றே போதும். ஞ வரிசையில் ‘ஞ்’, ‘ஞா’ தெரிந்தால் ஒன்றாம் வகுப்பைத் தாண்டிவிடலாம். ஔகார வரிசை முழுவதையும் தள்ளிவைத்தாலும் குடி முழுகிவிடாது. ஜ, ஸ, ஷ, ஹ ஆகியவற்றில் பிள்ளையின் பெயரில் இருப்பதை மட்டும் முதலில் கொடுத்தால் போதும்.

அரிச்சுவடி வழி

இதன் பெரிய பலம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருப்பது. பாட்டிக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், சுவரில் அட்டவணை தொங்குகிறது. விஜயதசமியன்று அரிசித் தட்டில் விரல் பிடித்து எழுதவைப்பதும் ‘அ’வைத்தான். அட்டவணையின் அடுக்கும் ஏனோதானோ என்று வந்ததில்லை. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று வல்லினத்தை அதன் இன மெல்லினத்தோடு சேர்த்து, தொண்டைப் பக்கமிருந்து உதடு வரை நடந்து வருகிறது. பெரியவர்கள் ரசிக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதனால் உடனடிப் பயன் இல்லை.

இந்த வரிசையில் போனால் பிள்ளை தானாகப் படிக்கும் முதல் சொல் மிகத் தாமதமாக வருகிறது. உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்த பிறகும் அவற்றை வைத்து எழுத முடிகிற சொல் ஆ, ஈ, ஐ மாதிரி ஓரெழுத்துச் சொற்களே. க-வுக்கு அடுத்து வரும் ங, சொல் எதிலும் பார்க்கக் கிடைக்காத வடிவம். உயிர் முடிந்து, மெய் முடிந்து, உயிர்மெய் வரிசை வரிசையாக எழுதி முடிப்பதற்குள் ஒரு கல்வியாண்டே ஓடிவிடும். அதுவரை எழுத்து எதற்கு என்பது பிள்ளைக்குத் தெரிவதே இல்லை.

பழைய எழுத்துக்கூட்டலில் இன்னொரு சங்கடம், எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறு. ‘பானா, டானா, இம் – படம்’ என்று கூட்டும்போது பானாவிலிருந்து ‘னா’வைக் கழித்து, டானாவிலிருந்தும் கழித்து, ‘இம்’மிலிருந்து ‘இ’யைக் கழித்துவிட்டுத்தான் பிள்ளை ‘படம்’ என்ற சொல்லுக்கு வரவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கழித்துக்கொண்டன. மற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு வரவில்லை என்று பெயர் வந்தது.

ஆனாலும் அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிவிடாதீர்கள். பாதிக்கு மேல் எழுத்து தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல வரைபடம். தெரிந்த கட்டத்துக்கெல்லாம் வண்ணம் அடித்துக்கொண்டே போனால், இன்னும் எங்கே போகவில்லை என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும். அகராதி புரட்டும் வயதில் வரிசையும் தேவைப்படும்.

ட-ப-ம வழி

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதில்லை. ட, ப இரண்டும் நேர்கோட்டில் அமைந்த எழுத்துகள், ம-வில் ஒரு வளைவு மட்டும் உண்டு. பென்சில் இன்னும் சரியாகப் பிடிபடாத கைக்கும் வரும். மூன்றையும் சொல்லிக்கொடுத்துப் புள்ளியையும் காட்டிவிட்டால் அதே வாரத்தில் படம், மடம், பட்டம், மட்டம் நான்கையும் பிள்ளை படித்துவிடும். படித்த சொல் காதில் விழுந்ததும் பொருள் புரிகிறது. இந்தப் பலன் முதல் வாரத்திலேயே கிடைப்பதுதான் இந்த வழியின் உயிர்.

அடுத்த குழு க, த, ல. கூடவே உயிரில் ‘அ’. இப்போது கடல், கல், பல், பகல், மடல், கப்பல், பக்கம், கட்டம், கம்பம், அகல், அப்பம் எல்லாம் கைக்குள் வந்துவிடும். மூன்றாவது குழு வ, ர, ன: மரம், மலர், வட்டம், வனம், கவனம், தகரம், மன்னன். அதன் பிறகு ச, ண, ய. பிறகு ந, ள, ற. கடைசியாக ழ, ஞ, ங. இந்த வரிசைதான் வேதவாக்கு என்றில்லை. பள்ளியில் வேறு குழு வைத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். குழு அமைக்கும்போது இரண்டைப் பார்த்தால் போதும். புது எழுத்தும் பழைய எழுத்தும் சேர்ந்து ஐந்தாறு சொல்லாவது பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாக வர வேண்டும். உருவிலோ ஒலியிலோ குழப்பும் சோடி ஒரே வாரத்தில் வரக்கூடாது: ன-ண, ல-ள, ர-ற. முதலில் வந்த எழுத்து நன்றாக ஊறிய பிறகே அதன் இரட்டை வரலாம்.

வாரத்துக்கு மூன்று எழுத்து, வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் தாளில் ஆறு வாரத்தில் பதினெட்டும் முடியும். காய்ச்சல், ஊர்த் திருவிழா, பிடிவாதம் எல்லாம் போக எட்டிலிருந்து பத்து வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் வாய்மொழி விளையாட்டு, மூன்று நிமிடம் புது எழுத்து, ஐந்து நிமிடம் அட்டையில் சொல் சேர்த்துப் படிப்பது, மூன்று நிமிடம் சொல்லச் சொல்ல எழுதுவது, மிச்சம் நேற்றுப் படித்த சொற்கள். ஒரே எழுத்தை நான்கு பக்கம் எழுதவைப்பதற்கு இதில் இடமில்லை.

‘இம்’ என்னும் முள்

இந்த வழியிலும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ப, ட தெரியும். ம்-மை ‘இம்’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். சேர்த்துப் படி என்றால் ‘ப-ட-இம்… படயிம்’ என்கிறது பிள்ளை. பிள்ளை சரியாகத்தான் படிக்கிறது, நாம்தான் தவறான ஒலியைக் கொடுத்திருக்கிறோம். வகுப்பு முழுக்கச் சேர்ந்து கத்தும்போது ‘இப்’ என்பது ‘இப்பு’ ஆகி, ஒரு மெய்க்கு முன்னும் பின்னும் வால் முளைத்துவிடும்.

ம்-மைச் சுத்தமாகச் சொல்லப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். கதை கேட்கும்போது ‘ம்’ கொட்டுகிறதே, அதுதான். ‘கதைக்கு எப்படி ம் கொட்டுவ? அதே ம்ம்ம்’ என்று காட்டினால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். ல், ன், ர் ஆகியவற்றையும் இப்படி இழுத்துச் சொல்லலாம். அதனால் முதல் மெய்கள் ம், ல், ன் ஆக இருக்கட்டும். க், ட், ப், த் இழுக்க வராத ஒலிகள். தனியே சொன்னால் வால் முளைக்கும். அவற்றைத் தனியே சொல்லாமல் முன்னெழுத்தோடு ஒட்டி ‘பட்’, ‘கப்’, ‘பக்’ என்று வாயை மூடி ஒரு கணம் நிறுத்தச் சொல்லுங்கள். பட்–டம், கப்–பல், பக்–கம் என்று தானாகவே வந்து சேரும்.

இன்னொரு நுணுக்கம். ‘படம்’ என்பதில் எழுத்து மூன்று, கைதட்டினால் இரண்டு: ப–டம். எழுத்துக்கு ஒரு தட்டு என்று பழக்கினால் மூன்றாவது தட்டில் ‘ம்’ அந்தரத்தில் நிற்கும். அதனால் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் ட, ம் அட்டைகளை ஒட்டிவைத்து ‘டம்’. அதற்கு முன்னால் ப-வை வைத்துப் ‘படம்’. ப-வை எடுத்துவிட்டு ம-வை வைத்தால் ‘மடம்’. முதல் இரண்டு வாரம் இப்படிச் செய்தால் கூட்டிப் படிப்பதில் வரும் தகராறு பெருமளவு தீர்ந்துவிடும்.

அட்டைக்குச் சார்ட் தாள் ஒன்று போதும். ஏழு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, எழுத்துக்கு இரண்டு அட்டை எழுதிக்கொள்ளுங்கள். ‘பட்டம்’ என்பதற்கு ட இரண்டு வேண்டுமே. புள்ளிக்கு ஒட்டுப்பொட்டு. ட அட்டையின் தலையில் பொட்டு வைத்தால் ட், எடுத்தால் ட. புள்ளி வந்ததும் எழுத்து வாயை மூடிக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஒலியை எண்ணப் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளலாம். தாளில் கட்டம் போட்டு ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கொட்டையைத் தள்ளுவது, சோவியத் உளவியலாளர் எல்கோனின் பெயரால் அறியப்படும் உத்திதான்.

உயிர்மெய்: சமன்பாடா, குறியா?

பதினெட்டு எழுத்தும் தெரிந்த பிறகு உயிர்மெய்க்குப் போவதிலும் இரண்டு பாதை இருக்கிறது. ‘க் + ஆ = கா’ என்று கரும்பலகையில் எழுதுவது ஒன்று. ‘க-வுக்குப் பக்கத்தில் கால் போட்டால் கா’ என்று உருவத்தைக் காட்டுவது மற்றொன்று. இலக்கணப்படி முதலாவது சரி. ஐந்து வயதுக் காதுக்கோ அது ‘இக் + ஆ = இக்கா’ என்று கேட்கிறது. பிள்ளைகளுக்கு அசை முதலில் பிடிபடும். அசைக்குள்ளிருக்கும் மெய்யொலியைத் தனியே பிரித்துக் கேட்பது பிறகு மெதுவாக வரும். கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. அதனால் ஒன்றாம் வகுப்பில் குறி வழி, இரண்டாம் வகுப்பில் சமன்பாடு என்று வைத்துக்கொள்வது நல்லது.

குறிகளில் முதலில் ‘ா’. பால், கால், வால், மான், பாடம், பாலம், வானம், காகம் என்று சொற்கள் கொட்டும். ‘கால்’ என்ற சொல்லிலேயே ஒரு கால் இருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய வேடிக்கை. அடுத்து ‘ி’. அதற்கடுத்து உகரம். வீடு, மாடு, பாட்டு என்று தமிழ்ச் சொற்கள் பல உகரத்தில் முடிவதால் அதைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் பதினெட்டு உருவங்களையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். அவை மூன்று வகை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வகை. கீழே கோடு இறங்கும் ஙு, சு, பு, யு, வு இரண்டாவது. கீழே வளைந்து மேலேறும் ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. வாரத்துக்கு ஒரு வகை. ஊகாரத்தில் மூன்றாவது வகைதான் எளிது: து-வுக்குக் கடைசியில் கால் போட்டால் தூ, நு-வுக்குப் போட்டால் நூ. கூ, சூ இரண்டும் யாரோடும் சேராத உருவங்கள். தனியாகப் பழக வேண்டியதுதான்.

குறில் நெடில் வேற்றுமையை விளக்கிப் பயனில்லை, சோடிச் சொல்லால் காதில் ஏற்ற வேண்டும்: கல்–கால், பல்–பால், படு–பாடு, விடு–வீடு, எடு–ஏடு, கொடு–கோடு. குறிலுக்கு விரலைச் சொடுக்கச் சொல்லுங்கள், நெடிலுக்குக் கையை இழுக்கச் சொல்லுங்கள். எழுத்து ஒலிக்கும் நேரமான மாத்திரைக்குக் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் அளவாக வைத்த இலக்கணக்காரர்கள் இதைக் கண்டால் மகிழ்ந்துபோவார்கள்.

பெரிய வில்லங்கம் இடப்பக்கக் குறிகளில்தான். ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கடலை’யைப் பிள்ளை ‘கடைல’ என்று படித்தால் ஐகாரக் கொம்பை அதற்கு முன்னால் இருக்கும் ட-வோடு ஒட்டிவிட்டது என்று பொருள். கவனக்குறைவு என்று கண்டிக்க வேண்டாம். சொல்லுக்குக் கீழே பென்சிலால் க, ட, லை என்று மூன்று வில் போட்டுக் கொடுங்கள். கொம்பும் எழுத்தும் ஒரே வில்லுக்குள் வர வேண்டும். ொ, ோ இரண்டிலும் கடைசியில் நிற்கும் காலை ‘ர’ என்று நினைத்துக் ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று படிப்பதும் அடிக்கடி நடக்கும். அட்டையிலேயே இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால் என்று இரண்டு துண்டால் க-வை அணைத்துக் காட்டினால் அது ஒரே எழுத்து என்று விளங்கும். ‘கௌ’வில் வரும் ள-வும் இதே மாதிரி ஏமாற்றும். அதற்குத்தான் ஔகாரத்தைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னது.

ன, ண, ந மூன்றையும் ‘சின்ன ன, பெரிய ண’ என்று பெயர் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வதைவிட, கூட்டாளியோடு சேர்த்துக் காட்டுவது நிற்கும். ண்ட, ந்த, ன்ற. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்களே இதைத்தான் சொல்கின்றன. ங்க, ஞ்ச, ம்ப ஆகியவற்றையும் சேர்த்து ஆறு கட்டைகளாக அட்டையில் எழுதிவைத்தால் வண்டி, பந்து, கன்று, சங்கு, பஞ்சு, பாம்பு எல்லாம் எழுத்துப்பிழையில்லாமல் வரும்.

சொல்வழி

ஆவின் பாக்கெட்டைப் பார்த்து ‘ஆவின்’ என்று படிக்கும் மூன்று வயதுப் பிள்ளை வீட்டுக்கு வீடு உண்டு. அதே சொல்லை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிக் காட்டினால் விழிக்கும். பிள்ளை படித்தது நிறத்தையும் வடிவத்தையும். சொல்வழியின் எல்லை இதுதான். பத்திருபது சொல் வரை வேகமாக ஏறும். அதற்கு மேல் பாட்டி, பாட்டு, பாட்டில் எல்லாம் ஒன்றாகத் தெரியும். முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். படத்தை மறைத்தால் வாசிப்பும் நின்றுவிடும். ஆங்கிலத்தில் சில சொற்கள் எழுத்தொலிக்கு அடங்காதவை என்பதால் அங்கே இதற்கு ஒரு நியாயம் உண்டு. தமிழில் அது மிகக் குறைவு.

ஆனால் இதை வைத்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் பிள்ளை பேசுவது ‘எல’, புத்தகத்தில் இருப்பது ‘இலை’. பேசுவது ‘வந்தாங்க’, எழுதியிருப்பது ‘வந்தார்கள்’. ‘காத்து’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ‘காற்று’ என்ற எழுத்தைக் கூட்டி முடித்த பிறகும் அது என்ன என்று விளங்காமல் போகலாம். எழுத்துநடை காதில் ஏறியிருந்தால்தான் கூட்டிப் படித்ததை ‘ஓ, இதுவா’ என்று அடையாளம் காண முடியும். அதற்குத் தினமும் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தை எழுதியிருக்கிறபடியே, வரியின் கீழ் விரலை ஓட்டிக்கொண்டு படித்துக் காட்டுவதைவிட நல்ல மருந்தில்லை. அந்த நேரத்தில் ‘இது என்ன எழுத்து?’ என்று பரீட்சை வைக்காதீர்கள்; கதை கேட்கும் ஆசை போய்விடும்.

எந்தப் பிள்ளைக்கு எது?

மூன்று, மூன்றரை வயதென்றால் மூன்றுமே வேண்டாம். கைதட்டி அசை பிரிப்பது, ‘ம-வில் தொடங்கும் சாமான் சமையலறையில் என்ன இருக்கிறது’ மாதிரி விளையாட்டு, கதை. அவ்வளவுதான். மிளகா, மல்லி, மஞ்சள் என்று பிள்ளை சொல்லும்போது, மிளகா ‘மி’ என்று திருத்தத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் ஒலி ம் என்று அதன் காதுக்குக் கேட்கிறது என்பதே நல்ல செய்தி.

நாலரையிலிருந்து ஆறு வயது வரை புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு ட-ப-ம வழி. கூடவே தினசரிக் கதை.

இரண்டாம், மூன்றாம் வகுப்பில் அட்டவணையை ஒப்பித்துவிட்டு வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு மறுபடியும் அ, ஆ என்று தொடங்குவது கொடுமை. அந்தப் பிள்ளைக்கு உருவங்கள் பாதி தெரியும்; இல்லாதது சேர்ப்பு. ‘டம்’, ‘மல்’, ‘கப்’ என்ற இரண்டெழுத்துக் கட்டைகளில் தொடங்கி, ட-ப-ம குழுக்களை இரண்டு நாளுக்கொன்றாக ஓட்டலாம். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் குறியில் நிற்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுவந்து வீட்டில் அதே இடத்திலிருந்து தொடங்குங்கள். மதிப்பெண்ணைக் கேட்டுவருவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

லண்டனிலோ டொரான்டோவிலோ வளர்ந்து, வீட்டில் தமிழ் அதிகம் பேசாத பிள்ளையின் கதை வேறு. ‘கடல்’ என்பதில் வரும் க-வும் ‘பகல்’ என்பதில் வரும் க-வும் ‘சங்கு’வில் வரும் க-வும் ஒன்றல்ல. இங்கே வளரும் பிள்ளைக்குச் சொல் தெரியும், அதனால் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். அங்கே வளரும் பிள்ளை மூன்றையும் ஒரே வல்லோசையில் படிக்கும். அதற்கு மட்டும் விதியைச் சொல்லித்தர வேண்டும்: சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அழுத்து, மூக்கொலிக்குப் பின்னும் இரண்டு உயிருக்கு நடுவிலும் மென்மையாக்கு. இவர்களுக்குப் பேச்சும் எழுத்தும் சேர்ந்தே போக வேண்டும். கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டும் திறன் பெருக்கல் மொழியறிவு. ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

கைபேசிச் செயலி வாங்குவதானால் முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டைப் பாருங்கள். ம்-மை ‘இம்’ என்று சொல்கிறதா? பிள்ளை வாய் திறந்து படிக்கிறதா, விரலால் தட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறதா? கட்டண வகுப்புக்கும் இதே கேள்விகள்தான்.

வீடும் பள்ளியும் இழுத்துக்கொள்ளும்போது

பள்ளியில் ஒரு வரிசை, வீட்டில் இன்னொரு வரிசை என்று ஓட்டினால் நடுவில் பிள்ளைதான் நசுங்கும். பள்ளி அட்டவணை வழியில்தான் போகிறது என்றால் சண்டை போட வேண்டாம். இந்த வாரம் பள்ளியில் ‘க’ வரிசை நடக்கிறதா, வீட்டில் அந்த வரிசையிலிருந்து க, கா, கி மூன்றை எடுத்துப் பழைய எழுத்தோடு சேர்த்துச் சொல்லாக்குங்கள்: கல், கால், கிளி. எழுதும் வேலையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு, சேர்த்துப் படிக்கும் வேலையை வீடு எடுத்துக்கொண்டால் இரண்டும் மோதாது.

தாத்தா எழுதிக் கொடுக்கும் வீட்டில் இன்னொன்றையும் பாருங்கள். 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. பழக்கம் விடாத கை இன்னும் யானைத் தும்பிக்கை வைத்துத்தான் ‘லை’ போடும். அழகான உருவம்தான், ஆனால் பிள்ளையின் புத்தகத்தில் அது இல்லை. தாத்தா வாசித்துக் காட்டட்டும். எழுதிக் காட்டுவதை இன்னொருவர் செய்யட்டும்.

பிள்ளை மனப்பாடம் செய்கிறதா, படிக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, பொருளில்லாத சொல்லைக் கொடுப்பது. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் நாற்பது சொல்லில் இருபது இப்படிப்பட்டவை. முதல் இரண்டு குழு முடிந்ததும் பத்துச் சொல் எழுதுங்கள். ஐந்து தெரிந்த சொல்: கடல், பட்டம், பக்கம், மடல், கப்பல். ஐந்து வெற்றுச் சொல்: டபம், மதல், கலப், பமக், தபல். ‘இது ஒரு பூதத்தின் பெயர், எப்படிக் கூப்பிடுவது?’ என்று கேட்டால் பிள்ளை சிரித்துக்கொண்டே படிக்கும். எட்டு சரியானால் அடுத்த குழு. தெரிந்தவை ஐந்தும் சரி, பூதங்களெல்லாம் தவறு என்றால் பிள்ளை சொல்லின் உருவத்தை மனப்பாடம் செய்திருக்கிறது. இரண்டெழுத்துக் கட்டைகளுக்குத் திரும்புங்கள். ‘கலப்’பைக் ‘கலப்பு’ என்று படித்தால் மெய்க்கு வால் முளைத்திருக்கிறது. புது எழுத்தை நிறுத்திவிட்டு ஒரு வாரம் பொட்டை வைத்தும் எடுத்தும் விளையாடுங்கள்.